பெயர் பொறிக்காத அந்தப் பித்தளைச் சக்கரம் எதற்குரியது?

பாலையூற்றிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "தகப்பனார் விட்டுச் சென்ற மைபோர்ட் எம்.எல். 7 லேத்தோடு (உலோகம் கடையும் இயந்திரம்) ஒரு மரப்பெட்டியும் இருந்தது. அதற்குள் உள்ளங்கையில் அடங்கும் வார்ப்பிரும்புத் துண்டொன்று. அதை ஊடுருவிச் செல்லும் தண்டின் கீழ் முனையில் 16 பற்கள் கொண்ட சிறிய பித்தளைச் சக்கரம், மேல் முனையில் நாணயமளவு வட்டத்தகடு. பெயரோ இலக்கமோ எங்கும் இல்லை. பழைய இரும்பு வாங்குபவர் அதை ஏதோ வள்ள எஞ்சினின் மீற்றர்ப் பாகம் என்று சொல்லி நிறுத்துக் கேட்கிறார். கொடுக்கலாமா?"

தயவுசெய்து கொடுக்காதீர்கள். நீங்கள் விவரித்திருப்பது, லேத்தில் திருகுப் புரி வெட்டும்போது அரை நட்டை (வெட்டும் டூலைச் சுமக்கும் சாடிலை நீண்ட திருகுத் தண்டோடு இணைக்கும், திறந்து மூடும் நட்டு) எந்தக் கணத்தில் பூட்ட வேண்டும் என்று காட்டுகிற திரெட் டயலாகவே இருக்க வேண்டும். பல சிறு லேத்துகளுக்கு இது தனியாக வாங்க வேண்டிய துணைக்கருவியாக இருந்ததால், பட்டறைக்காரர்கள் தாங்களே செய்துகொண்டதும் உண்டு. பெயர் இல்லாததற்கு அது காரணமாக இருக்கலாம். எனவே பெயரைத் தேடுவதை விட்டுவிட்டு, அந்தச் சக்கரம் எதனோடு பொருந்துகிறது என்று பாருங்கள்.

முதலில் அந்த நீண்ட திருகுத் தண்டான லீட் ஸ்குரூவை மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு துடைத்து, ஓர் அங்குல நீளத்தில் எத்தனை புரிகள் உள்ளன என்று எண்ணுங்கள். நொட்டிங்ஹாமுக்கு அருகிலுள்ள பீஸ்டனிலிருந்து 1946 இல் வெளிவரத் தொடங்கிய எம்.எல். 7 இல் அது 8 ஆகும். அப்படியானால் 16 பற்கள் ஒரு முழுச் சுற்றில் சரியாக 2 அங்குலம் கடக்கும். சக்கரத்தின் வெளிவிட்டமும் ஏறத்தாழ 18 மி.மீ. வரவேண்டும். அங்குலத்துக்கு 6 புரி கொண்ட லேத்துக்குரிய 16 பல் சக்கரம் என்றால் 24 மி.மீ. அளவில் இருக்கும். ஆனால் 3 மி.மீ. இடைவெளி கொண்ட மெட்ரிக் லீட் ஸ்குரூவுக்கு வெட்டிய சக்கரமும் 17 மி.மீ.க்கு அருகில் வரும் என்பதால், விட்டத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

அடுத்து, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, துண்டை ஏப்ரனின் (சாடிலின் முன்புறம் தொங்கும் தகடு) பக்கத்தில் பொல்ட் போட்டோ கையால் பிடித்தோ, பற்கள் லீட் ஸ்குரூவில் அமரும்படி வையுங்கள். அரை நட்டைத் திறந்து சாடிலைக் கையால் நகர்த்தினால் வட்டத்தகடு சுழலும். சாடிலை நிறுத்திவிட்டு, கியர்களைப் பூட்டிய நிலையில் வேலைத்துண்டைப் பிடிக்கும் சக்கைக் கையால் சுற்றினாலும் அது சுழலும். அரை நட்டைப் பூட்டிவிட்டு மறுபடி சக்கைச் சுற்றும்போது சாடில் நகர, தகடு அசையாமல் நிற்க வேண்டும். இந்த மூன்றும் நடந்தால் அது திரெட் டயல்தான். பற்கள் இறுகாமலும் தடதடக்காமலும் ஓடினால் உங்கள் லேத்துக்குரியது என்றும் கொள்ளலாம்.

தகட்டை எமரித் தாளால் தேய்த்துவிடாதீர்கள். திருகோணமலையின் உப்புக்காற்றில் கறுத்துப்போன தகட்டிலும் கோடுகள் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். ஒயிலைத் துடைத்து, வெண்கட்டியைத் தேய்த்து, விரலால் மெல்ல வழித்துவிடுங்கள். பள்ளங்களில் தங்கிய வெள்ளைத் தூள் கோடுகளைக் காட்டிவிடும். நான்கு கோடுகள் தெரிந்தால், ஒவ்வொன்றும் அரை அங்குல நகர்வைக் குறிக்கும்.

இந்தக் கணக்குத்தான் கருவியின் பயன். அங்குலத்துக்கு 10 அல்லது 12 என்று இரட்டைப்படையில் புரி வெட்டும்போது, நான்கில் எந்தக் கோட்டில் பூட்டினாலும் டூல் முன்னைய பள்ளத்திலேயே இறங்கும். 5/8 அங்குல விட்வேர்த்தின் (பழைய பிரித்தானியப் புரி அளவுமுறை) 11 போன்ற ஒற்றைப்படைக்கு, தொடங்கிய கோட்டிலோ அதற்கு நேரெதிரான கோட்டிலோ மட்டுமே பூட்ட வேண்டும்; பக்கத்துக் கோட்டில் பூட்டினால் டூல் இரண்டு பள்ளங்களுக்கு நடுவே இறங்கி, வெட்டும் தண்டு வீணாகிவிடும். 11½ போன்ற அரைப் புரிக்குத் தொடங்கிய அதே கோடுதான். பிரித்தானியக் கடற்படை 1957 வரை இருந்த நம் ஊரில் பழைய அங்குலப் புரிகள் இன்னும் வேலைக்கு வரக்கூடும் என்பதால், பித்தளையின் நிறைவிலையை விட இக்கருவி உங்களுக்குப் பெறுமதியானது.

மெட்ரிக் புரிக்கு, உங்கள் அங்குல லீட் ஸ்குரூவில் இந்த டயல் உதவாது. புரி முழுவதும் முடியும்வரை அரை நட்டைத் திறக்காமல், டூலைப் பின்னிழுத்து, மோட்டாரைத் திருப்பிச் சுழற்றித்தான் தொடக்கத்துக்கு வரவேண்டும். எம்.எல். 7 இன் சக் புரியால் திருகப்பட்டிருப்பதால் திடீரெனத் திருப்பினால் கழன்று விழும். எனவே மோட்டார் முற்றாக நின்ற பின்னரே, மிகக் குறைந்த வேகத்தில் திருப்புங்கள். டயல் தேவைப்படாத வேளைகளில் பொல்ட்டைத் தளர்த்தி, பித்தளைப் பற்கள் வீணாகத் தேயாதபடி சக்கரத்தை லீட் ஸ்குரூவிலிருந்து விலக்கி வையுங்கள்.