மண்ணில் விளையாடினால் எதிர்ப்பு சக்தி கூடுமா?

கேள்வி: தேவனாம்பட்டினம் கடற்கரையில் விளையாடிவிட்டு வந்ததும், என் நான்கு வயது மகனின் கை கால்களைக் கிருமிநாசினி சோப்பால் தேய்த்துக் கழுவுகிறேன். அதிகச் சுத்தம் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் என்கிறார் என் மாமியார். உண்மையா?
- வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 1989-இல் பிரிட்டனைச் சேர்ந்த டேவிட் ஸ்ட்ராச்சன், 17,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்களை ஆராய்ந்து, அண்ணன் அக்காமார் அதிகம் உள்ள வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஒவ்வாமைத் தும்மல் குறைவாக இருப்பதைக் கண்டு, சிறுவயதுத் தொற்றுகள் அதற்குக் காரணமாகலாம் என்று கருதினார். பின்வந்த ஆய்வாளர்கள் இதைத் திருத்தினார்கள். உடலுக்குத் தேவைப்படுவது நோய்த்தொற்று அல்ல, மண், ஆடுமாடு, தாய்ப்பால் வழியாக வந்து சேரும் தீங்கற்ற நுண்ணுயிர்களின் பழக்கமே என்றார்கள். அந்தப் பழக்கம் குறைந்தால் எதிர்ப்பு சக்தி பலவீனமடைகிறது என்பதைவிட, தடம் மாறி, சாதாரணத் தூசியைக்கூடப் பகையாக எண்ணிச் சீறுகிறது என்பதே பொருத்தம்.

ஆகவே பிள்ளை மணலில் தாராளமாக ஆடட்டும். ஆனால் சாப்பிடும் முன்பும் கழிப்பறை சென்று வந்த பின்பும் கை கழுவுவதை ஒருநாளும் விட்டுவிடாதீர்கள். மழைக்காலத்தில் தெருவில் தேங்கும் நீரில் வெறுங்காலுடன் இறங்கவும் விடாதீர்கள், எலிக்காய்ச்சல் வரக்கூடும். கிருமிநாசினி சோப்பு வேண்டாம், சாதாரண சோப்பே போதும்.