மும்முகத்தில் இருப்பவர் யார்? (வாசகர் கேள்வி–பதில்)

கேள்வி: விடுமுறை நாளில் குடும்பத்துடன் எலிஃபண்டா தீவுக்குச் சென்றிருந்தோம். பெரிய குகையிலுள்ள மூன்று முகச் சிற்பம் பிரம்மா, திருமால், சிவன் ஆகிய மும்மூர்த்திகள் என்று அங்கே ஒருவர் விளக்கினார். மூன்றும் சிவனே என்கிறார் என் மாமனார். எது சரி?
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்: உங்கள் மாமனார் கூறுவதே சரி. ஏறத்தாழ 18 அடி உயரத்தில் மார்பளவு வரை செதுக்கப்பட்டுள்ள அந்தத் திருவுருவம் சதாசிவ மூர்த்தி. ஈசானம், தத்புருடம், அகோரம், வாமதேவம், சத்தியோசாதம் எனச் சைவ மரபு இறைவனுக்குக் கூறும் ஐந்து முகங்களில் மூன்றை மட்டும் சிற்பிகள் பாறையிலிருந்து வெளிக்கொணர்ந்திருக்கிறார்கள். பின்முகம் பாறைக்குள்ளேயும், மேல்முகம் காட்சிக்கு அப்பாலும் இருப்பதாகக் கொள்ள வேண்டும். நடுவில் உள்முகமாக ஆழ்ந்திருப்பது தத்புருடம். நமக்கு இடப்புறத்தில் மீசையும் நெரித்த புருவமும் கையில் பாம்புமாகத் தோன்றுவது அகோரம். வலப்புறத்தில் சுருள்முடியும் முத்தணியும் தாமரையுமாகப் பெண்மை கனிந்திருப்பது வாமதேவம். அதனை உமையின் முகம் என்றே கொள்வோரும் உண்டு.

இதற்கு வலுவான சான்று அதே சுவரில் இருக்கிறது. மும்முகத்துக்கு இடப்புறம் உள்ள அர்த்தநாரீசுவரர் சிற்பத்தை நிமிர்ந்து பார்த்தால், அன்னங்கள் தாங்கும் தாமரை இருக்கையில் பிரம்மாவும், கருடன் மேல் திருமாலும், ஐராவதத்தின் மேல் இந்திரனும் சிறிய உருவங்களாக நின்று அக்காட்சியைக் காண்பது தெரியும். கல்யாணசுந்தரர் சிற்பத்தில் பிரம்மா திருமணச் சடங்கை நடத்தி வைக்கிறார். பக்கத்திலேயே சிவனைப் போற்றி நிற்பவர்களாகக் காட்டிய இருவரை, நடுநாயகமான சிற்பத்தில் அவருக்கு இணையான முகங்களாக அதே சிற்பிகள் வடித்திருப்பார்கள் என்று கொள்ள இடமில்லை. அயனும் மாலும் அடிமுடி காணாமல் திகைத்ததைப் பதிகந்தோறும் ஒன்பதாம் பாடலில் பாடுவதைத் திருஞானசம்பந்தர் வழக்கமாகக் கொண்டிருந்தார். இக்குகைக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிற்பட்ட அந்தத் தேவாரமும் இந்தக் கல்லும் ஒரே நம்பிக்கையிலிருந்து பிறந்தவை என்பது என் உறுதியான எண்ணம்.

மீண்டும் செல்வதாக இருந்தால், இந்த ஒரு சிற்பத்தோடு திரும்பிவிடாமல், எதிரெதிரே உள்ள சிற்பங்களை இணை இணையாகப் பார்க்குமாறு வேண்டுகிறேன். வடக்கு வாயிலில் ஒருபுறம் நடராசர் ஆடுகிறார். எதிரே யோகீசுவரர் அசைவின்றி அமர்ந்திருக்கிறார். மேற்கே அந்தகாசுரனை அழிக்கும் சினத் திருக்கோலமும் உமையின் திருமணமும் எதிரெதிராக உள்ளன. அந்தகாசுர வதத்தை சிவனின் வீரச்செயல்கள் நிகழ்ந்த எட்டுத் தலங்களான அட்ட வீரட்டங்களுள் ஒன்றான திருக்கோவலூரின் தலவரலாறாக நாம் அறிவோம். திருமணச் சிற்பத்தில் மணப்பெண் சிவனுக்கு வலப்புறம் நிற்பதையும் கவனியுங்கள். கைத்தலம் பற்றும் நேரத்தில் அவள் இன்னும் இடப்பாகம் பெறவில்லை.

கிழக்கே கயிலையில் அம்மையப்பர் இனிது வீற்றிருக்க, எதிரே இராவணன் அந்த மலையையே பெயர்க்க முயல்கிறான். அச்சிற்பம் பெரிதும் சிதைந்துவிட்டது. ஆனால் சம்பந்தரின் பதிகங்களில் எட்டாம் பாடல் வழக்கமாக இராவணனுக்கே உரியது என்பதால், அவனைத் திருவிரலால் ஊன்றி நெரித்த சிவனே அவன் இசை கேட்டு இரங்கி வாளும் நாளும் அருளினான் என்ற கதை தேவாரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு மனப்பாடம். கல் இழந்ததைச் செவி நிரப்பிக்கொள்ளும் இந்த வாய்ப்பு மும்பைத் தமிழர்களுக்கு வாய்த்திருக்கும்போது, படம் எடுத்த கையோடு அடுத்த படகைப் பிடிக்க ஓடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

கேள்வி: இக்குகைகளைப் பாண்டவர்கள் குடைந்தார்கள் என்பது உண்மையா?
– வாசகர், மாட்டுங்கா, மும்பை

பதில்: இல்லை. பாண்டவர்களோடு தொடர்பே இல்லாத மாமல்லபுரத்து ஒற்றைக்கல் ரதங்களுக்கு அவர்கள் பெயர் வழங்குவதைப் போன்றதே இதுவும். பெரிய குகை கி.பி. 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. அதனைக் களச்சூரி மன்னன் கிருஷ்ணராஜனின் காலத்தோடு அவர்கள் இணைக்கிறார்கள். அவன் வெள்ளிக் காசுகள் அவனைப் ‘பரம மாகேசுவரன்’, அதாவது சிவனின் பெரும் பக்தன், என்று குறிக்கின்றன. பழைய சைவப் பிரிவான பாசுபத நெறியின் செல்வாக்கும் இச்சிற்பங்களில் தெளிவாகத் தெரிகிறது. குகையில் இருந்த கல்வெட்டு ஒன்றைப் போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் பெயர்த்து எடுத்துச் சென்றுவிட்டனர். அது பின்னர் கிடைக்கவேயில்லை. கட்டுவித்தவர் பெயர் அதில் இருந்திருக்கலாம் என்பதால், அந்த இழப்பு சிற்பங்கள் சிதைந்ததற்குச் சற்றும் குறைந்ததன்று.

கேள்வி: எலிஃபண்டா என்ற பெயருக்குக் காரணமான கல் யானை இப்போது எங்கே?
– வாசகர், முலுண்ட், மும்பை

பதில்: பைகுல்லாவில், டாக்டர் பாவ் தாஜி லாட் அருங்காட்சியக வளாகத்தில் இருக்கிறது. 1864இல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்ல முயன்றபோது பாரந்தூக்கி முறிந்து, யானை கீழே விழுந்து உடைந்தது. 1914இல் துண்டுகளை இணைத்து நிறுத்தினார்கள். மராட்டியர் இன்றும் காராபுரி என்றே அழைக்கும் அந்தத் தீவுக்குத் திங்கட்கிழமைகளில் செல்ல வேண்டாம். அன்று குகைகள் மூடப்பட்டிருக்கும்.