கேள்வி–பதில்: வெளியூர்த் தையல், உள்ளூர்த் தலையிடி

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டில் தைத்த, திருத்திய உடுப்புகள் பற்றியவை. கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

பாங்கொக்கில் டுக்டுக்காரர் ஒருவர் கூட்டிப்போன கடையில் 24 மணித்தியாலத்தில் கோட் சூட் தைத்தேன். "கஷ்மீர் கம்பளி" என்றார்கள். இங்கே ஒரு தடவை ட்ரை கிளீன் கொடுத்ததும் மார்புப் பக்கம் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. யாராவது திருத்துவார்களா? – தெஹிவளை வாசகர்

திருத்தலாம் என்று சொல்பவரிடம் காசு கொடுக்காதீர்கள். கோட்டின் முன்பக்கம் விறைப்பாக நிற்பதற்கு உள்ளே இன்னொரு துணி வைப்பார்கள். ஆறுதலாக வேலை செய்கிறவர் அதைக் கையால் தைத்துப் பிடிப்பார். அவசரக்காரர் பசை பூசிய துணியை வைத்து அயன் பண்ணி ஒட்டிவிடுவார். ஒட்டுவதே குற்றமில்லை, தொழிற்சாலையில் சூடும் அழுத்தமும் அளந்து பெரிய இயந்திரத்தில் ஒட்டிய கோட்டுகள் வருடக்கணக்கில் உழைக்கும். கை அயனால் அவதியில் ஒட்டினால் பசை ஒரு இடத்தில் பிடிக்கும், ஒரு இடத்தில் பிடிக்காது. ட்ரை கிளீன் திரவமும் சூடும் பட்டதும் பிடிக்காத இடம் கழன்று எழும்புகிறது. ஈரத்துணி போட்டு ஆவி அயன் பிடித்தால் சில மணித்தியாலம் படிந்து கிடக்கும். ஒரு கலியாணத்துக்கு அது போதும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

இனி வாங்குகிறவர்களுக்கு: கீழ்ப் பொத்தான் துளைக்குச் சற்றுக் கீழே துணியை இரண்டு பக்கத்தாலும் கிள்ளி மெல்ல இழுத்துப் பாருங்கள். நடுவில் மூன்றாவது படை ஒன்று தனியாக நழுவினால் தைத்தது. எல்லாம் ஒன்றாக விறைத்து நின்றால் ஒட்டியது.

கஷ்மீர் விஷயத்துக்கு வருவோம். கால் மடிப்பின் உள்ளிருந்து இரண்டு நூலை இழுத்துச் சாவணத்தில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். கம்பளி என்றால் மயிர் கருகும் மணம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பொலியெஸ்டர் என்றால் உருகிக் கறுத்த முத்துப்போல இறுகும். (கஷ்மீர் என்று விற்கப்பட்டு இப்படி முத்தாகிய சால்வை ஒன்று என் அலுமாரியிலும் கிடக்கிறது.) பில்லில் கம்பளி என்று எழுதியிருந்து, காசை வங்கி அட்டையில் கட்டியிருந்தால், சொன்ன பொருள் தரப்படவில்லை என்று உங்கள் வங்கியில் எழுத்தில் முறையிடுங்கள். இதற்குப் பொதுவாக 120 நாள் அவகாசம் இருக்கும், ஆனாலும் பிந்தாதீர்கள். பில்லில் வெறுமனே "சூட்" என்று மட்டும் இருந்தால் உங்கள் பக்கம் பலவீனம்தான். டுக்டுக்காரரின் கொமிஷனும் அந்த விலைக்குள்தான் இருக்கிறது.

ஒரு கோட்டுக்குக் குறைந்தது நான்கு நாள், இரண்டு தடவை போட்டுப் பார்த்தல், முற்பணம் பாதிக்கு மேல் இல்லை. முதல் தடவை நூலோட்டத்தில் (பிறகு பிரிக்கக்கூடிய தற்காலிகத் தையலில்), லைனிங் வைக்காமல் போட்டுக் காட்ட வேண்டும். லைனிங் முழுதும் தைத்துவிட்டு "போட்டுப் பாருங்கள்" என்கிறவர் எதையும் மாற்றுகிற யோசனையில் இல்லை.

சிங்கப்பூரில் ஒரு கவுன் பாதி விலைக்குக் கிடைத்தது. ஒரு அளவு சின்னது. தம்பியின் கலியாணத்துக்குள் மெலிந்துவிடுவேன், இல்லாவிட்டால் இங்கே பெருப்பிக்கலாம்தானே? – கல்கிசை வாசகி

உள்ளே புரட்டிப் பாருங்கள்: பக்கத் தையலில் துணி விட்டிருந்தால் பெருப்பிக்கலாம், விடவில்லை என்றால் தம்பியிடம் திகதியைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

மகளின் கலியாணத்துக்குச் சாறி எடுக்கச் சென்னை போகிறோம். தி.நகரில் நிற்கும் நான்கு நாளில் ஐந்து பிளவுஸையும் தைத்துக்கொண்டு வந்துவிட வேண்டும் என்கிறார் என் அக்கா. முடியுமா? – வெள்ளவத்தை வாசகி

முடியும், முதல் நாளே துணி தையற்காரரின் கைக்குப் போனால். மூன்று நாள் கடைகடையாக ஏறி இறங்கிவிட்டு நான்காம் நாள் காலையில் கொடுப்பதாக இருந்தால் துணியாகவே கட்டிக்கொண்டு வாருங்கள். வெள்ளவத்தையிலும் தைப்பார்கள்.

இப்போது உடம்புக்குச் சரியாக இருக்கிற அளவுச் சட்டை ஒன்றைக் கொண்டுபோங்கள். போன வருடம் சரியாக இருந்தது வேண்டாம். சாறியோடு வரும் பிளவுஸ் துணி பெரும்பாலும் 80 சென்ரிமீற்றர் அளவில்தான் இருக்கும். முழங்கை வரை கை வைக்க விரும்பினால், அல்லது உடம்பு கொஞ்சம் பெரிது என்றால், அது காணாது. வெட்டுவதற்கு முன்பே கேளுங்கள். துணி முந்தானைப் பக்கமா, உள்பக்கமா இருக்கிறது என்று விரித்துப் பார்த்து, வெட்டிய பிறகு சாறி ஐந்தரை மீற்றர் நிற்குமா என்று உங்கள் முன்னிலையில் அளக்கச் சொல்லுங்கள். லைனிங் கொட்டன் துணியை இரவு முழுதும் தண்ணீரில் போட்டு, காயவைத்து, அயன் பண்ணிய பிறகே வெட்ட வேண்டும். சாறிக்கு அடிக்கும் ஃபோல்ஸுக்கும் அதே முறை. நனைக்காமல் அடித்த ஃபோல்ஸ் முதல் கழுவலிலேயே சுருங்கிச் சாறியின் ஓரத்தை இழுத்துக்கொண்டு போகும்.

ஐந்தையும் ஒரே நேரத்தில் வெட்ட விடாதீர்கள். ஒன்றை முடித்து, போட்டுப் பார்த்து, கொக்கி எல்லாம் பூட்டி, இரண்டு கையையும் மேலே தூக்கி, கதிரையில் இருந்து பார்த்த பிறகு மற்ற நான்கையும் வெட்டலாம்.

இனி நான் எத்தனை தடவை எழுதினாலும் யாரும் கேட்காத விஷயம். ஓவர்லொக் இயந்திரத்தில் ஊசியோடு ஒரு கத்தியும் இருக்கிறது. நூல் பிசிறாமல் ஓரத்தைக் கட்டும்போதே அது துணியை வெட்டிக்கொண்டு போகும். அவசரத்தில் நிற்கிற தையற்காரர் தையலுக்குக் கிட்டவே அதை ஓட்டிவிடுவார். உள்பக்கம் துப்புரவாக, அழகாக இருக்கும். நீங்களும் புரட்டிப் பார்த்து மெச்சுவீர்கள். மூன்று மாதம் கழித்து இறுக்கமானதும் பிரித்துப் பெருப்பிக்கலாம் என்று கொண்டுபோனால், பெருப்பிக்க வேண்டிய துணி சென்னையில் குப்பைக்குப் போய்விட்டது! நீங்கள் விலை கொடுத்த பட்டு அது. தையல் கூலி கொடுத்தால் மிச்சத் துணியை வெட்டி எறியும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்ததாக ஆகாது. ஓர்டர் கொடுக்கும்போதே எழுதிக் கொடுங்கள்: பக்கத் தையலில் முன்னும் பின்னும் ஒரு இஞ்சி, கைத் தையலிலும் ஒரு இஞ்சி, ஓவர்லொக் துணியின் விளிம்பில் மட்டும். இரண்டு பக்கமும் இப்படி விட்டிருந்தால் சுற்றளவில் மூன்று இஞ்சி வரை கூட்டலாம். கைக்கு விட மறந்தால் உடம்பைப் பெருப்பித்தும் பயனில்லை, புயத்தில் பிடிக்கும். உள்ளே தடிப்பாகத் தெரியும் என்று தையற்காரர் சொல்வார். அயன் பண்ணிப் படிய வைத்தால் தெரியாது. பட்டைப் பிரித்தால் பழைய ஊசித்துளை கொஞ்சம் தெரியத்தான் செய்யும், அது அக்குளுக்குக் கீழேதான், யாருக்கும் தெரியப்போவதில்லை. அக்காவிடமும் இதைச் சொல்லுங்கள்.

கனடாவில் கால் வெட்டுகிற கூலி கட்டாது என்று ஆறு புது ஜீன்ஸ் கொண்டுவந்து புறக்கோட்டையில் குறைப்பித்தேன். கழுவியதும் ஆறும் கணுக்காலுக்கு மேலே நிற்கின்றன. தையற்காரர் பிழை அளந்துவிட்டாரா? – ரொறன்ரோவிலிருந்து வந்து வெள்ளவத்தையில் நிற்பவர்

அவர் சரியாகத்தான் அளந்திருப்பார். புதுக் கொட்டன் துணியைக் கழுவாமல் வெட்டக் கொடுத்தது நீங்கள். சுருங்காதபடி பதப்படுத்திய டெனிம்கூட நூற்றுக்கு மூன்று வரை இழுக்கும். உட்கால் 30 இஞ்சி என்றால் அதில் ஏறக்குறைய ஒரு இஞ்சி போய்விடும். பதப்படுத்தாத டெனிம் இதைவிடக் கூட இழுக்கும். ஒரு தடவை கழுவி, காயவைத்து, எந்தச் சப்பாத்தோடு போடுவீர்களோ அதைப் போட்டுக்கொண்டு அளவு கொடுக்க வேண்டும். வீட்டில் ட்ரையரில் காய வைப்பீர்கள் என்றால் முதல் தடவையும் ட்ரையரில்தான்.

இப்போது செய்யக்கூடியது: கால் மடிப்பைப் பிரித்து ஒற்றை மடிப்பாக்கி, உள்ளே வேறு துணிப்பட்டி வைத்துத் தைத்தால் முக்கால் இஞ்சி வரை மீளும். பழைய மடிப்பின் கோடு வெளிறித் தெரியலாம். தடித்த தையலுக்கு 16 அல்லது 18 இலக்க ஊசி வேண்டும். சட்டை தைக்கிற ஊசியால் அடித்தால் தையல் தாண்டித் தாண்டி விழும். இந்த முறையாவது ஆறையும் ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள்.

இஸ்தான்புலில் வாங்கிய தோல் ஜக்கெற் தோளில் ஒரு இஞ்சி பெரிது. குறைக்கலாமா? – கொட்டாஞ்சேனை வாசகர்

தோலில் விழுந்த ஊசித்துளை மூடாது. தோளில் கை வைக்காமல், தோள் அகலமான தம்பி யாராவது இருந்தால் கொடுத்துவிடுங்கள்.

கோலாலம்பூரில் இரண்டு காற்சட்டை சிறிதாக்கக் கொடுத்து, விமான நிலையம் போகும் வழியில் பார்சலை எடுத்தேன். கொழும்பில் பிரித்தால் ஒன்று என்னுடையதே இல்லை. பில் இல்லை, கடைப் பெயரும் ஞாபகமில்லை. என்ன செய்யலாம்? – பம்பலப்பிட்டி வாசகர்

பில் இல்லை, பெயர் இல்லை, பிரித்தும் பார்க்கவில்லை. என்னிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்? ஃபோனில் அன்றைக்கு எடுத்த படங்களில் கடைப் பலகை ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பாருங்கள், வரைபடச் செயலியில் போய்வந்த இடங்களின் பதிவு இருந்தால் அதையும் பாருங்கள். உங்களுடைய காற்சட்டையை வைத்துக்கொண்டு இன்னொருவரும் அங்கே சண்டை பிடித்துக்கொண்டிருப்பார், அதனால் கடைக்காரர் கட்டாயம் ஞாபகம் வைத்திருப்பார்.

லண்டனில் மகளின் லெஹெங்காவை நீளம் குறைக்கக் கொடுத்தோம். இடுப்பில் குறைக்கச் சொன்னதை, கீழே சரிகைக் கரையோடு வெட்டிவிட்டார் தையற்காரர். "குறைக்கத்தானே சொன்னீர்கள்" என்கிறார். கொழும்பில் 1977க்கு அடித்து முறையிடலாமா? – வத்தளை வாசகி

வயிறு எரிகிறது அம்மா. கரை வைத்த பாவாடையை எங்கே குறைப்பது என்று தையல் தெரிந்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

1977 நமது நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இலங்கைக் கடைகளுக்குத்தான் செல்லும், லண்டனுக்கு எட்டாது. ஆனால் அங்கே உங்களுக்குப் பலமான சட்டம் இருக்கிறது. பிரித்தானியாவின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி எந்தச் சேவையையும் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் திரும்பச் செய்து தரக் கேட்கலாம். அது முடியாத இடத்தில் கூலியைக் குறைக்கவோ திருப்பித் தரவோ கேட்கலாம், கெடுத்த பொருளுக்கு நட்டஈடும் கேட்கலாம். வெட்டிய கரைத் துண்டை முதலில் கேட்டு வாங்குங்கள். கரை முழுதாக இருந்தால் அதை மேலே ஏற்றி, சேர்த்த தையலைச் சரிகை நாடாவால் மறைத்துத் தைக்கலாம், அதற்கான செலவை அவரிடமே கேளுங்கள். படம், பில், வட்ஸ்அப்பில் பேசியது எல்லாவற்றையும் வைத்து எழுத்தில் கேளுங்கள், ஃபோனில் வேண்டாம். லண்டனில் நிற்கிற உறவினர் ஒருவரை உங்கள் சார்பில் நேரில் அனுப்பினால் இன்னும் நல்லது.

இதே வேலையைக் கொழும்புத் தையற்காரர் செய்திருந்தால், மூன்று மாதத்துக்குள் எழுத்தில் அதிகாரசபைக்கு முறையிட வேண்டும். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி வைத்திருங்கள்.

சிங்கப்பூர் டெக்கா சென்ரரில் சுடிதார் திருத்திய கூலிக்கு ஜி.எஸ்.டி. வரி திரும்பக் கிடைக்குமா? – மட்டக்குளி வாசகி

கிடைக்காது. வெளியே கொண்டுபோகும் பொருளுக்குத்தான் திருப்பித் தருவார்கள். அதற்கும் 100 சிங்கப்பூர் டொலருக்குக் குறையாமல், அந்தத் திட்டத்தில் சேர்ந்த கடையில் வாங்கியிருக்க வேண்டும்.

பயணத்தில் காற்சட்டைத் தையல் விட்டுப்போனால் சமாளிக்க என்ன கொண்டுபோகலாம்? – நீர்கொழும்பு வாசகர்

இரண்டு ஊசி, கறுப்பும் வெள்ளையும் நூல், நான்கு ஊக்கு, இரண்டு பொத்தான், அயனால் ஒட்டும் மடிப்பு நாடா ஒரு மீற்றர். நாடாவை ஈரத்துணி போட்டு ஒட்டுங்கள். பொலியெஸ்டரில் நேரடியாக அயன் பிடித்தால் பளபளப்புத் தழும்பு விழும், போகாது. கத்தரிக்கோலைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போடுங்கள். பாரிஸ் லாசப்பலிலோ லண்டனிலோ நின்றால் நாடாவும் வேண்டாம், ட்ரை கிளீன் கடைகளிலேயே பல இடத்தில் கால் மடித்துத் தருவார்கள். கொடுக்கும்போது "எத்தனை மணிக்கு" என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள்.