கேளுங்கள் சொல்கிறேன்: வான்கோழி, மாமியார், மகாராணி

கேள்வி: ஆழ்வார்பேட்டையில் ஒரு திரைப்படச் சங்கத்தில் அமெரிக்கச் சிரிப்பு நடிகர் ஹரால்ட் லாயிடின் ‘ஹாட் வாட்டர்’ மௌனப் படம் பார்த்தேன். மாமியாராக வரும் அம்மாள் யார்? வாயே திறக்காமல் இந்த மிரட்டு மிரட்டுகிறாரே!
– வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: ஜோசஃபின் குரோவெல். கனடாக்காரர். ஐம்பதைத் தாண்டிய பிறகு, 1912 வாக்கில் திரைக்கு வந்தார். கதாநாயகிகளை முப்பது வயதிலேயே கிழவியாக்கிவிடும் தொழில் அது. இவரோ 1929 வரை 90க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார்.

நீங்கள் பார்த்தது 1924இல் வந்த படம். குலுக்கலில் கிடைத்த உயிருள்ள வான்கோழியை மருமகன் டிராமில் தூக்கிவரும் காட்சியைத்தான் எல்லோரும் புகழ்வார்கள். எனக்கு அந்த அம்மாளின் தாடை போதும். அதைச் சற்று உயர்த்தினால் மருமகனுக்கு அரை அடி உயரம் குறைந்துவிடும்!

மேற்கு மாம்பலம் வீட்டில் என் மாமியாரோடு உட்கார்ந்து இந்தப் படத்தை ஒருமுறை பார்த்தேன். வான்கோழிக்கு என்னைவிடச் சத்தமாகச் சிரித்தவர், மருமகன் கைக்குட்டையில் குளோரோபார்ம் நனைத்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். மாமியார் செத்துவிட்டார் என்று மருமகன் பதறுகிறான். அவரோ தூக்கத்தில் எழுந்து நடக்கிறார். ஆவி என்று அலறி ஓடுகிறான். “நன்றாக ஓடட்டும்” என்றார் என் மாமியார். நான் காபி போட எழுந்துவிட்டேன்.

குரோவெலைச் சிரிப்பு நடிகை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இயக்குநர் கிரிஃபித்தின் ‘இன்டாலரன்ஸ்’ (1916) படத்தில் பிரான்ஸின் ராஜமாதா கேத்தரின் டி மெடிசி இவர்தான். 1572இல் பாரிஸில் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களைக் கொன்று குவித்த படுகொலைக்கு மகனான அரசனைச் சம்மதிக்க வைக்கிறார். அங்கேயும் அதே தாடைதான், ஆனால் பார்க்கிற நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. 1928இல் ‘தி மேன் ஹூ லாஃப்ஸ்’ படத்தில் இங்கிலாந்தின் ஆன் மகாராணியாகவும் வந்தார். 1932இல் காலமானார்.

கேள்வி: நம் சென்னையின் மௌனப் படங்களிலும் இப்படிக் குணச்சித்திர நடிகைகள் இருந்தார்களா?
– வாசகர், புரசைவாக்கம்

பதில்: உங்கள் பக்கத்துக் கதைதான். கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் சாலையில் நடராஜ முதலியார் ஸ்டுடியோ போட்டு ‘கீசக வத’த்தை எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் அது. அந்தப் படத்தின் ஓர் அடி பிலிம்கூட இன்று இல்லை. தெற்கில் எடுத்த மௌனப் படங்களில் முழுதாகப் பிழைத்திருப்பது 1933இல் வந்த ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றுதான். அதுவும் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. டி.பி. ராஜலட்சுமி ‘கோவலன்’ மௌனப் படத்தில் நடித்தவர் என்று நமக்குத் தெரிவதற்குக் காரணம், 1931இல் தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ வந்து அவர் பேசியது, பாடியது. கதாநாயகிக்கே இந்தக் கதி என்றால், அவருக்குப் பக்கத்தில் தாயாகவும் தாதியாகவும் நின்றவர்களை எங்கே போய்த் தேடுவது?

வீட்டுப் பரணில் பழைய பட விளம்பரத் துண்டுப் பிரசுரம் ஏதாவது கிடந்தால், பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு கார்டு எழுதுங்கள்.