நெற்றியில் அடித்த பெயர்

அன்புள்ள ஐயா,

நான் இயந்திரவியல் படித்தவன். மூன்று வருடமாகப் பழைய கைக்கருவிகள்மேல் பைத்தியம். இதுவரை பதினொரு இழைப்புளிகளும் நாலு ரம்பங்களும் சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் சுத்தம் செய்து, படம் எடுத்து, நிறுவனம், ஆண்டு, காப்புரிமை எல்லாம் தேடி இணையத்தில் பதிந்து வருகிறேன். ஸ்டான்லி என்ற அமெரிக்கக் கம்பெனியின் இரும்பு இழைப்புளி ஒன்றில் மார்ச் 25, 1902, ஆகஸ்ட் 19, 1902, ஏப்ரல் 19, 1910 என்று மூன்று தேதிகள் வார்க்கப்பட்டிருக்கின்றன. 1910-ல் செய்தது என்று எழுதினேன். தவறு என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். யார் சொல்வது சரி? பழைய கைரம்பங்களின் முதுகில், நுனிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது எதற்கு? இன்னொரு ரம்பத்தின் கைப்பிடி வில்லையில் ‘வாரண்டட் சுப்பீரியர்’ என்று இருக்கிறது, அந்தக் கம்பெனியைப் பற்றி எங்கு தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியாக வந்தது ஒரு பழைய மர இழைப்புளி. அதன் முன்முனையில் யாரோ இஷ்டத்துக்கு எழுத்துகளை அடித்து அசிங்கப்படுத்தியிருந்தார்கள். உப்புத்தாள் போட்டு எடுத்துவிட்டேன், இப்போது பளிச்சென்று இருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன். இதையெல்லாம் யாராவது படிப்பார்களா என்ற சோர்வும் சில நாள் வருகிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தைச் சந்தோஷமாகத்தான் படித்துக்கொண்டு வந்தேன், அந்த உப்புத்தாள் வரி வரும்வரை. அதற்கு வருகிறேன். முதலில் சில்லறைகளைத் தீர்த்துவிடலாம்.

‘வாரண்டட் சுப்பீரியர்’ என்று ஒரு கம்பெனி கிடையாது. தரத்துக்கு உத்தரவாதம் என்று மார்தட்டும் பொதுவாசகம் அது, பல தொழிற்சாலைகள் அந்த வில்லையைப் போட்டு ரம்பங்களை வெளியே அனுப்பின. அதைக் கம்பெனி என்று நினைத்துத் தேடியவர்களில் நீங்கள் முதல் ஆள் இல்லை. ரம்பத்தின் மூக்குக்கு, பற்களை மூடும் உறையைக் கயிறு போட்டுக் கட்ட, அறுப்பைத் தொடங்கும் இடத்தில் கோடு கீற என்று ஆளுக்கொரு கதை உண்டு. அமெரிக்காவின் மிகப் பெரிய ரம்பக் கம்பெனியாக இருந்த டிஸ்டன் தன் கையேட்டிலேயே அதனால் ஒரு பயனும் இல்லை, வெறும் அலங்காரம் என்று எழுதிவிட்டது. செய்தவனே சொன்ன பிறகும் கதைகள் ஓயவில்லை, ஓயாது, விடுங்கள்.

அப்புறம் அந்த மூன்று தேதிகள். காப்புரிமைத் தேதி என்பது ஒரு யோசனைக்குக் கிடைத்த சான்றிதழின் தேதி, உங்கள் மேசைமேல் உட்கார்ந்திருக்கும் இரும்பின் பிறந்தநாள் அல்ல. 1910 என்று வார்த்திருந்தால் 1910-க்கு முந்தையது அல்ல என்று மட்டும்தான் பொருள். மூன்று தேதியும் சேர்ந்து வரும் ஸ்டான்லி வார்ப்புகளை 1910-லிருந்து 1918 வரை என்று சேகரிப்பாளர்கள் வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். ‘சேகரிப்பாளர்கள்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்த வகை எண்களைத் தொழிற்சாலை கொடுக்கவில்லை. ஏராளமான இழைப்புளிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் பின்னாளில் போட்ட கணக்கு அது. தொழிற்சாலையில் இருந்தவர்கள் பெட்டியில் எந்த உறுப்பு மிச்சமிருந்ததோ அதை எடுத்துப் பூட்டினார்கள். அப்புறம் ஐம்பது வருடத்தில் யார் எந்தத் தகட்டை எதற்கு மாற்றினார்களோ. ஆகவே உங்களோடு சண்டைக்கு வந்தவர் சரி, ஆனால் அவர் ஓர் ஆண்டைச் சுட்டிச் சொல்லியிருந்தால் அவரும் தவறு.

ஒரு சின்ன உபாயம் சொல்லித்தருகிறேன். அமெரிக்கக் காப்புரிமைகள் செவ்வாய்க்கிழமைகளில்தான் வழங்கப்பட்டன. உங்கள் மூன்று தேதிகளையும் காலண்டரில் பாருங்கள், மூன்றும் செவ்வாய். துரு தின்ற வார்ப்பில் 19-ஆ 16-ஆ என்று திணறும்போது கிழமை காப்பாற்றும்.

சரி, உப்புத்தாளுக்கு வருகிறேன்.

உங்களைத் திட்டத்தான் போகிறேன். யாரோ அசிங்கப்படுத்தியிருந்தார்கள் என்று எழுதுகிறீர்களே, அந்த ‘யாரோ’தான் அதைக் கையில் பிடித்து வேலை செய்தவன். பட்டறையில் பத்துப் பேர் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது கருவி மாறிப்போகும், திருட்டும் போகும். அதனால் இரும்பு அச்சு ஒன்று செய்து வைத்துக்கொண்டு மரத்தின் வெட்டுமுகத்தில் சுத்தியலால் ஓங்கித் தன் பெயரை அடிப்பான். அவன் செத்த பிறகு வாங்கியவன் அதன் பக்கத்திலேயே தன் பெயரை அடிப்பான். நாலு பெயர் இருந்தால் அநேகமாக நாலு ஆயுள். அதைத்தான் ஒரு சாயங்காலத்தில் தேய்த்துத் தரையில் தூளாகக் கொட்டிவிட்டு, படம் வேறு இணைத்திருக்கிறீர்கள்.

நம்மைப் போன்றவர்கள் எழுதும் கருவி வரலாறு எல்லாம் கடைசியில் கம்பெனி வரலாறாகத்தான் முடிகிறது. இழைப்புளி வடிவமைத்த லெனார்டு பெய்லியின் காப்புரிமைகளை ஸ்டான்லி 1869-ல் வாங்கியது, 1920-ல் ஸ்டான்லி ரூல் அண்ட் லெவல் கம்பெனி ஸ்டான்லி ஒர்க்ஸோடு சேர்ந்தது, அதற்கப்புறம் முத்திரையில் இதய வடிவம் வந்தது, அந்த இதயம் ஸ்டான்லி ஒர்க்ஸின் தலைவராக இருந்த ஹார்ட்டின் பெயருக்காக. எல்லாம் சரி, எனக்கும் பிடிக்கும், ராத்திரி இரண்டு மணிவரை இதைத்தான் படிக்கிறேன். ஆனால் இந்தக் கதையில் எங்கேயும் ஒருவன் மரம் இழைப்பதைக் காணோம் பாருங்கள்.

இங்கிலாந்தில் ரோச்செஸ்டர் கில்ட்ஹால் அருங்காட்சியகத்தில் பெஞ்சமின் சீட்டனின் கருவிப்பெட்டி இருக்கிறது. 1796-ல் அப்பா கருவிகளை மொத்தமாக வாங்கிக் கொடுத்தார், மகன் 1797-ல் அவற்றுக்கு அழகான பெட்டி செய்தார், என்னென்ன கருவி, என்ன விலை என்று பட்டியலும் எழுதி வைத்தார். ஆராய்ச்சிக்கு அந்தப் பட்டியலைப் போல இன்னொன்று கிடைப்பது கஷ்டம். ஆனால் அவை இவ்வளவு நன்றாகப் பிழைத்ததற்குக் காரணம், அவற்றால் யாரும் அதிகம் வேலை செய்யவில்லை என்பதுதான். வேலை செய்த கருவிக்குப் பெரும்பாலும் பட்டியல் கிடையாது, நெற்றியில் அடித்த அந்த நாலு எழுத்துதான் பட்டியல்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ரெந்தம் என்ற ஊர். அங்கே பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சிஸ் நிக்கல்சன் இழைப்புளி செய்தார், அந்த நாட்டில் பெயர் தெரிந்த இழைப்புளிக்காரர்களில் முதல்வர். அவரிடம் சீசர் செலர் என்ற கறுப்பின அடிமை இருந்தார். நிக்கல்சன் 1753-ல் இறந்தபோது உயிலில் செலருக்கு விடுதலையும் கருவிகளும் நிலமும் எழுதி வைத்தார். அதன் பிறகு 1784-ல் சாகும்வரை செலர் தன் பெயரில் இழைப்புளி செய்தார். அவர் அடித்த முத்திரையில் பெயர் இருக்கிறது, அதற்குக் கீழே ‘ரெந்தமில் வாழ்கிறவர்’ என்றும் இருக்கிறது. எஜமானரும் தன் முத்திரையில் அதே வாசகத்தைத்தான் போட்டிருந்தார், ஊர்ப்பெயர் போடும் வழக்கம், அவ்வளவுதான் என்று சொல்லலாம். எனக்கு அப்படிப் படிக்க முடியவில்லை. நேற்றுவரை இன்னொருவரின் சொத்தாக இருந்த மனிதர், அந்தச் சொத்துக்காரர் தன்னைப் பற்றிச் சொன்ன அதே வார்த்தையில், நான் இங்கே வாழ்கிறேன் என்று மரத்தில் அடித்திருக்கிறார். ஒன்றில் அல்ல, பல இழைப்புளிகளில் அடித்திருக்கிறார். எழுத்து அச்சைப் பிடித்த அந்தக் கையை யோசித்துக்கொண்டு ஒரு வாரம் தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

அது செய்தவர் முத்திரை, நான் தேய்த்தது வைத்திருந்தவர் முத்திரை என்று சொல்வீர்கள். சரி, வித்தியாசம் உண்டு. ஆனால் தேய்ப்பதற்கு முன்னால் உங்களுக்கு அது தெரியுமா? செய்தவர் பெயர் பெரும்பாலும் முன்முனையின் நடுவில் ஒருமுறை ஒழுங்காக இருக்கும், வைத்திருந்தவர் பெயர் கோணலாக, இரண்டு மூன்று தடவைகூட இருக்கும். உங்களுக்கு அது கோணலாக இருந்ததுதான் குற்றமாகத் தெரிந்தது. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து ஒரு படம் எடுத்திருந்தால், பாதி தேய்ந்த எழுத்துகூட நிழலில் எழுந்து வந்திருக்கும். மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்திருந்தாலும் போதும். பழைய ஊர் முகவரிப் புத்தகங்களையும் இறந்தவர் சொத்துப் பட்டியல்களையும் புரட்டி அந்த எழுத்துக்கு ஓர் ஆளைக் கண்டுபிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உங்கள் பளபளப்பு எதற்கு?

இவ்வளவு கோபத்துக்குக் காரணம் நீங்கள் மட்டும் இல்லை. என் பெரியப்பா தச்சர். அவர் கைநடுங்கி வேலையை விட்ட பிறகு, அவருடைய மர இழைப்புளியைப் புதுசுபோல ஆக்கித் தரலாம் என்று எனக்கு ஆசை வந்தது, வயது இருபது. இரண்டு நாள் உட்கார்ந்து தேய்த்து, எண்ணெய் பூசி, கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். அவர் கண்ணால் பார்க்கவில்லை, கட்டை விரலை முன்முனையில் வைத்துத் தடவினார். திருப்பி அடுத்த முனையைத் தடவினார். “நல்லா இருக்குடா” என்று சொல்லி அலமாரியில் வைத்துவிட்டார். அங்கே யார் பெயர் இருந்தது என்று அவரிடம் கேட்கும் தைரியம் எனக்கு வரவேயில்லை. அவர் பெயரா, அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் பெயரா, அதுகூடத் தெரியாது.

யாராவது படிப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். நான் படிக்கிறேன், இந்தத் திட்டு அதனால்தான். எழுதுங்கள். உப்புத்தாள் போட்டதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் முன்முனை மட்டும்தான் தெரிகிறது. சிலர் இரண்டு முனையிலும் பெயர் அடிப்பதுண்டு. பின்முனையை இன்னும் தொடவில்லை என்றால், தயவுசெய்து துணியால்கூடத் துடைக்காமல், விளக்கைத் தாழ்த்தி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். நான் இரண்டு முனையையும் தேய்த்திருந்தேன்.