வலியே இல்லாத ஞானப்பல்லை எடுக்க வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. பாம்பனில் விசைப்படகில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். இன்னும் ஒன்றரை மாதத்தில் வளைகுடாவுக்கு மீன்பிடி வேலைக்குப் போகிறான். கீழ் ஞானப்பல் இரண்டும் பாதிதான் வெளியே தெரிகின்றன. வலி இல்லை. நடுக்கடலில் வலி வந்தால் கஷ்டம், நாலையும் பிடுங்கிவிட்டுப் போகட்டும் என்கிறார்கள். செய்யலாமா டாக்டர்?

பதில்: உங்கள் பயம் நியாயமானதுதான் அம்மா. ஆனாலும் நாலையும் மொத்தமாக எடுக்க வேண்டாம். நோய் இல்லாத, முழுதாக முளைக்காமல் புதைந்த ஞானப்பல்லைத் தடுப்புக்காக எடுக்கத் தேவையில்லை என்று, சிகிச்சை வழிகாட்டுதல் தரும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2000-லேயே சொல்லிவிட்டது. காரணம், அந்த அறுவையிலும் ஆபத்து உண்டு. கீழ்த்தாடை நரம்பு பல்லின் வேரை ஒட்டி ஓடுகிறது. அதில் அடிபட்டால் உதடு, தாடை மரத்துப்போகும். பெரும்பாலும் சரியாகிவிடும், சிலருக்கு அப்படியே தங்கிவிடுவதும் உண்டு.

மேல் பற்கள் நேராக முளைத்து, பிரஷ் எட்டினால் அவற்றைத் தொடவே வேண்டாம். முன்பற்கள் கோணாமல் இருக்க ஞானப்பல்லை எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எனக்குக் கவலை அந்தக் கீழ்ப்பற்கள்தான். பாதி முளைத்த பல்லின் மேல் ஈறு மூடியிருக்கும். அதனடியில் சோறும் கிருமியும் தங்கினால் ஈறு வீங்கி, வாய் திறக்க முடியாமல் போகும். பல் முன்பக்கம் சாய்ந்திருந்தால் இடுக்கில் அழுக்கு சேர்ந்து, பக்கத்தில் இருக்கும் நல்ல கடைவாய்ப்பல் சத்தமில்லாமல் சொத்தையாகும். அதனால் இந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டி, தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுங்கள். சொத்தையோ நீர்க்கட்டியோ தெரிந்தால், அல்லது முன்பு அங்கே திரும்பத் திரும்ப வீங்கியிருந்தால், அந்தப் பல்லை மட்டும் எடுக்கலாம். அப்போது அது சிகிச்சை, தடுப்பு இல்லை.

எடுப்பதானால் தள்ளிப்போடாதீர்கள். கிளம்புவதற்கு மூன்று வாரமாவது முன்பே முடிந்திருக்க வேண்டும். வீக்கம் வடிய ஒரு வாரம் ஆகலாம். பீடி, சிகரெட், புகையிலையை அந்த நாட்களில் அறவே விடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் குழியில் இரத்தக்கட்டி நிற்காமல், மூன்றாம் நாள்வாக்கில் தாங்க முடியாத வலி வரும். இங்கேயே தொழில் செய்கிறவர்கள், அவசரம் இல்லையென்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் இதைப் பார்த்துக்கொள்ளலாம்.

பல் இருந்தாலும் எடுத்தாலும், மகனிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள்: தாடைக்கடியில் வீக்கம், காய்ச்சல், எச்சில்கூட விழுங்க முடியாத நிலை வந்தால் வலி மாத்திரை போட்டுக்கொண்டு படகில் இருக்கக் கூடாது. அன்றே கரைக்கு வந்து மருத்துவமனைக்குப் போக வேண்டும்.