ஃபுளோரிடாவில் பக்கத்து வீட்டுக்காரர் கொல்லைப்புறத்தில் துப்பாக்கி சுட்டுப் பழகினால் நகராட்சியால் தடுக்க முடியுமா?

முடியாது. ஆனால் ஷெரிஃபால் (கவுண்டி எனப்படும் மாவட்டத்தின் காவல் தலைவர்) முடியும், அதுவும் நீங்கள் சரியான விஷயத்தைச் சொன்னால்தான். கால் ஏக்கர் மனை, சனிக்கிழமைதோறும் சத்தம், கவுன்சிலரிடம் மனு கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மனுவில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

துப்பாக்கி விஷயத்தில் சட்டம் போடும் அதிகாரத்தை 1987இலேயே மாநிலம் முழுதாகத் தன் கையில் எடுத்துக்கொண்டது (மாநிலச் சட்டப் பிரிவு 790.33). 2011இல் அதை இன்னும் இறுக்கினார்கள். தெரிந்தே மீறி உள்ளூர் விதி போடும் அதிகாரிக்கு 5,000 டாலர் வரை அபராதம் உண்டு. அந்த அபராதம் செல்லும் என்று 2023 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கவுன்சிலர் கையை விரித்தால் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

உங்களுக்கு உதவுவது அதே சட்டத்தின் பிரிவு 790.15. 2015இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒருவர் மரப் பலகைகளை அடுக்கி மணல் கொட்டிக் கொல்லையில் சுடுதளம் அமைத்தார். ஊரே கொதித்தும் போலீசால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதற்குப் பிறகு, 2016 பிப்ரவரியில் இந்தப் பிரிவில் ஒரு உட்பிரிவு சேர்த்தார்கள். ஏக்கருக்கு ஒரு வீடோ அதற்கு மேலோ உள்ள குடியிருப்புப் பகுதியில், பொழுதுபோக்காகத் திறந்தவெளியில் சுடுவது முதல்நிலை மிஸ்டிமீனர் (சிறு குற்றம்). ஓராண்டு வரை சிறை, 1,000 டாலர் வரை அபராதம். கணக்கில் வருவது அவருடைய மனை அளவு அல்ல, பகுதியின் அடர்த்தி. சுற்றிலும் கால் ஏக்கர் வீடுகள் இருக்க, நடுவில் அவர் மட்டும் இரண்டு ஏக்கர் வைத்திருந்தாலும் தப்பிக்க முடியாது. கவுண்டியின் சொத்து மதிப்பீட்டாளர் தளத்தில் ஒவ்வொரு மனையின் பரப்பும் இருக்கிறது. உங்கள் தெருவையும் பின்தெருவையும் எடுத்துப் பட்டியல் போட்டு அச்சிட்டுக்கொள்ளுங்கள்.

பலரும் கோட்டை விடுவது இதற்கு அடுத்த இடத்தில். உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்து வரும் என்று நியாயமாக எதிர்பார்க்க முடியாத நிலையில் சுட்டால் குற்றமில்லை என்று அதே உட்பிரிவில் விலக்கு இருக்கிறது. நீங்கள் சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்கிறீர்கள். வந்த டெபுடி (ஷெரிஃபின் காவலர்) குண்டைத் தடுக்கக் கொட்டிய மணல்மேட்டைப் பார்த்து, பாதுகாப்பாகத்தானே இருக்கிறது என்று போய்விடுகிறார். ஆகவே பேச்சு மேட்டைப் பற்றியும் அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பற்றியும்தான் இருக்க வேண்டும்.

25 கஜ தூரத்தில் துப்பாக்கி முனை 5 டிகிரி மேலே போனால் குண்டு ஆறரை அடி மேலே போகும். நின்று சுடுபவரின் கை உயரம் ஏறக்குறைய ஐந்து அடி. ஆக பதினொன்றரை அடி. கொல்லைகளில் நான் பார்க்கும் மேடுகள் ஐந்தாறு அடிதான். மிகச் சிறிய .22 குண்டே ஒரு மைலுக்கு மேல் போகும். பலகை அடைப்பு மழையில் உளுத்து மணல் சரியும், மேடு தானாகவே தணியும். ஒரே இடத்தில் சுட்டுச் சுட்டு உள்ளே ஈயம் கட்டிபட்டுவிட்டால் அடுத்த குண்டு அதில் பட்டுத் தெறிக்கும். நிரப்பிய மண்ணில் கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் கலந்திருந்தாலும் அப்படியே.

ஆகவே உங்கள் பக்கத்திலிருந்தே படம் எடுங்கள்: மேட்டின் உயரம், நேர் பின்னால் தெரியும் வீடு, ஊஞ்சல், சாலை. தேதி, நேரம் குறித்து வையுங்கள். வேலியிலோ சுவரிலோ துளை கண்டால் குண்டை நோண்டி எடுக்காதீர்கள். பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுத்துவிட்டு 911க்குச் சொல்லுங்கள். குண்டு வீடுகளுக்கு மேலாகவோ தார்ச்சாலைக்கு மேலாகவோ போவது தெரிந்தே சுட்டால், அடர்த்திக் கணக்கே தேவையில்லை, 790.15இன் முதல் உட்பிரிவே போதும். ஒவ்வொரு முறையும் கேஸ் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். டிரோன் பறக்கவிட்டு அவர் கொல்லையைப் படம் எடுக்காதீர்கள், அது உங்கள் மேலேயே திரும்பும். வேலியோரம் அவரோடு பேசுவதைச் சொல்லாமல் பதிவு செய்யவும் கூடாது. ஃபுளோரிடாவில் பேசுகிற எல்லோரின் சம்மதமும் வேண்டும்.

நான் துப்பாக்கியே கூடாது என்பவன் என்று யாராவது வந்து எழுதுவார்கள். நான் சொல்வது அதுவல்ல. இருபது ஏக்கர் காட்டில் ஒழுங்கான மேடு கட்டிச் சுடுபவரோடு எனக்கு எந்த வழக்கும் இல்லை.

வீட்டு உரிமையாளர் சங்கம் இருந்தால் அதன் பதிவான விதிகளையும் படியுங்கள். 790.33 கட்டுப்படுத்துவது நகராட்சியையும் கவுண்டியையும். சங்க விதி தனியார் ஒப்பந்தம், அதில் சுடுவதைத் தடை செய்ய இடமுண்டு. ஆனால் பெரும்பாலான சங்கங்கள் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதி வைப்பதில்லை. தபால்பெட்டியின் நிறத்துக்கும் புல்லின் உயரத்துக்கும் பக்கம் பக்கமாக எழுதி, வாரத்துக்கு ஒரு கடிதம் அனுப்பி, ஆண்டுக்காண்டு சந்தாவையும் ஏற்றுகிறார்கள். குழந்தைகள் விளையாடும் இடத்தைக் காக்கும் விதியைக் கொண்டுவரச் சொன்னால் கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை என்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்குப் போய்த் திருத்தம் கேளுங்கள்.

கிணற்றுத் தண்ணீர் பயன்படுத்தினால் ஈயத்துக்குச் சோதனை செய்யுங்கள். அமிலத் தன்மையுள்ள மணலில் குண்டுகளின் ஈயம் கரையும், இங்கே நிலத்தடி நீரும் ஆழத்தில் இல்லை.